மருந்தும் வேண்டும், மனிதரும் வேண்டும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் காட்டுப்பள்ளியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் பேச எழுந்தால் தேர்வு, மதிப்பெண், மேற்படிப்பு ஆகியவற்றைப் பற்றியே பேசுவார் என எதிர்பார்ப்பது இயல்பு. நாமும் பிள்ளைகளின் படிப்பைக் கருதியே பேச வந்துள்ளோம். ஆனால் அப்பேச்சு மருத்துவமனை வாசல் வழியாகச் செல்ல வேண்டியிருக்கிறது. வருகைப் பதிவேட்டைப் பல்லாண்டுகள் கையாண்டவர்க்குத் திங்கட்கிழமையின் பொருள் தெரியும். சனிக்கிழமை கூலி கைக்கு வரும் சில வீடுகளின் பிள்ளைகள் திங்களன்று பள்ளிக்கு வருவதில்லை. வந்தாலும் கண்ணில் உறக்கம் இருக்கும். பையில் வீட்டுப்பாடம் இராது. இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. இங்கு அமர்ந்துள்ள தாய்மார்கள் எம்மினும் நன்கறிவர்.

குடியின் தீமையைப் பற்றி இன்று நாம் பேசப் போவதில்லை. அதனைக் கேட்டுக் கேட்டு நம் மக்களின் காது புளித்துவிட்டது. குடிப்பவர்க்கும் அது தெரியும். குடியிலிருந்தும் போதை மாத்திரையிலிருந்தும் மீள்வதற்கு மருத்துவம் உண்டு என்பதையும், அம்மருத்துவத்தை நாம் பாதி பாதியாகப் பிய்த்துச் செய்து கெடுத்துக்கொள்கிறோம் என்பதையும் மட்டுமே கூற விழைகிறோம்.

முதலில் ஓர் இழிசொல்லைப் பற்றி. குடி என்பது எம் சமுதாயத்தின் குணம் என்று பேசுவோர் உளர். 1979ஆம் ஆண்டு டி.டி. ரங்கநாதன் என்னும் இளைஞர் குடிநோயால் மாண்டார். அவர் நாட்டின் நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தவர். செல்வத்திற்கும் கல்விக்கும் செல்வாக்கிற்கும் அங்குக் குறைவில்லை. ஆயினும் நோய் விடவில்லை. அவருடைய துணைவியார் சாந்தி ரங்கநாதன் அமெரிக்கா சென்று பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980இல் கணவர் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை என மக்கள் அழைப்பது அதனைத்தான். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அம்மையார் அம்மருத்துவமனையில் வகுத்த முறை எளிது. முதலில் உடலிலுள்ள நஞ்சை மருந்தால் இறக்குவது. பின்னர்ப் பல நாள் குழுவாக அமர்த்திப் பேச வைப்பது. நோயாளியோடு மனைவியையும் தாயையும் வரவழைத்து அவர்களுக்கும் தனியே ஆலோசனை அளிப்பது. வீடு திரும்பியபின் தொடர்ந்து வரச் செய்வது. பணக்கார வீட்டுத் துயரத்தில் பிறந்த அம்முறை ஏழை வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. நோய் சாதி பார்ப்பதில்லை. சிகிச்சை கிட்டுவதில்தான் வேறுபாடு.

அவ்வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை அரசே அளந்து வைத்திருக்கிறது. புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2019இல் வெளியாயிற்று. மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடி. அவருள் மதுவால் உதவி தேவைப்படும் நிலையை அடைந்தோர் 5 கோடியே 70 இலட்சம். மதுவுக்கு அடிமைப்பட்ட 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினார். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். இளைஞர்களே, நம் பள்ளியில் 180 பிள்ளைகளில் ஒருவர் மட்டுமே தேர்ச்சி பெற்றால் பிள்ளைகளைக் குறை கூறுவீர்களா, பள்ளியைக் குறை கூறுவீர்களா?

இனி, மருத்துவம் எவ்வாறு பாதியாகிறது என்பதைக் காண்போம்.

ஒருவர் பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் குடிக்கிறார். மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டி, இன்றோடு நிறுத்தினேன் என்று சத்தியம் செய்கிறார். அவருடைய மன உறுதியை நாம் மதிக்கிறோம். ஆனால் உடல் சத்தியம் செய்யவில்லை. மது மூளையின் வேகத்தை நாள்தோறும் அமுக்கி வந்தது. மூளை அதற்கு ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டது. மது திடீரென நின்றதும், கூட்டி வைத்த வேகம் கட்டுக்கடங்காமல் பாய்கிறது. முதல் நாள் கை நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை. ஓரிரு நாளில் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பூச்சி ஊர்கிறது, ஆள் வருகிறது என்பார், நேரமும் இடமும் மறக்கும், காய்ச்சல் ஏறும். இதனைப் பேய் பிடித்ததென்றோ சாமிக் குற்றமென்றோ எண்ணி வேப்பிலை அடிப்பதைக் கண்டிருக்கிறோம். இது உயிரைப் பறிக்கவல்ல நிலை. மருத்துவர் தரும் சில நாள் மருந்தால் இதனைப் பெரும்பாலும் தடுத்துவிட முடியும். நடுக்கத்தைத் தணித்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து நிறுத்தும் மாத்திரைகள் உள்ளன. அவற்றோடு தயமின் எனப்படும் வைட்டமின் பி-1 தருவர். நெடுநாள் குடித்தவர் உடலில் அது வற்றிப் போயிருக்கும். அக்குறையால் நினைவாற்றலே நிலையாக அழிந்துபோவதுண்டு.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இவ்வுண்மை நாடறிய வெளிப்பட்டது. திடீரென மது நின்றதால் வலிப்போடும் பிதற்றலோடும் வந்தவர்களின் எண்ணிக்கை பெங்களூர் மருத்துவமனைகளில் கூடியதை மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினர். நம் மாநிலத்தில் வார்னிஷைக் குடித்து மாண்டவர்களும் உண்டு. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்னும் வாதம் 1937இல் சேலத்தில் அது தொடங்கிய நாள் முதல் நடந்து வருகிறது. அதற்குள் இன்று புகவில்லை. கடையை மூடுவது இனிக் குடிக்கப் போகும் பையனைக் காக்கலாம். ஏற்கெனவே நோயில் வீழ்ந்தவர்க்குக் கடை மூடினாலும் மருத்துவம் வேண்டும் என்பதே நாம் கூறுவது.

அடுத்த பாதி இதனினும் கொடியது. சோற்றிலும் குழம்பிலும் கலந்து கொடுங்கள், அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்திவிடலாம் என்னும் விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவ்வாறு கலக்கப்படும் பொருள் பலவற்றில் டைசல்பிராம் என்னும் மாத்திரையும் ஒன்று. அம்மாத்திரையின் வரலாற்றை நம் திருவொற்றியூர்த் தொழிலாளர்கள் கேட்டால் மகிழ்வர். அமெரிக்காவில் ரப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் மருத்துவர், ரப்பரைப் பதப்படுத்தும் ஒரு வேதிப்பொருளைக் கையாளும் தொழிலாளர்களால் மது அருந்தவே முடியவில்லை என்பதைக் கவனித்து 1937இல் எழுதினார். அப்பொருளின் உறவுப் பொருளே டைசல்பிராம். பத்தாண்டு கழித்து டென்மார்க்கில் ஹால்ட், ஜேகப்சன் என்னும் இருவர் அதனைக் குடற்புழு மருந்தாக ஆராயும்போது தாமே உட்கொண்டு பார்த்தனர். பின்னர்ச் சிறிது மது அருந்தியதும் முகம் சிவந்து நெஞ்சு படபடத்தது. அங்கிருந்து அது குடிநோய் மருந்தாயிற்று. டயர் செய்யும் ஊரில் வாழும் நமக்கு இது வேற்றார் கதையன்று.

அம்மாத்திரையை உண்டவர் ஒரு வாய் மது அருந்தினாலும் வாந்தி, மூச்சுத் திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியன உண்டாகும். இதயம் தளர்ந்தவர் இறக்கவும் கூடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடலில் இருக்கும். தெரிந்து, ஒப்பி, இதயமும் ஈரலும் சோதிக்கப்பட்டு, மனைவியோ தாயோ பார்த்திருக்க நாள்தோறும் விழுங்குபவர்க்கு அது நல்ல வேலி. தெரியாமல் கொடுத்தால் அது சோற்றில் வைத்த பொறி. தாய்மார்களே, உங்கள் துன்பத்தின் மிகுதியால்தான் அவ்வழியை நாடுகிறீர்கள் என்பதை அறிவோம். ஆயினும் அதனைச் செய்யாதீர்கள். குடியின் நாட்டத்தையே தணிக்கும் நால்ட்ரெக்சோன், அக்காம்புரோசேட் போன்ற வேறு மருந்துகள் இன்று உள்ளன. எது யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

மருந்து இவ்வளவு செய்யுமாயின் பேச்சு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். நம் ஊர்த் துறைமுகத்திற்கே வாருங்கள். பெருங்கப்பல் ஒன்று துறைக்குள் வரும்போது இழுவைப் படகு அதனை இழுத்தும் தள்ளியும் திருப்புகிறது. ஆனால் ஆழம் எங்கே, மணல்மேடு எங்கே என்பதை அறிந்த பைலட் ஒருவர் கப்பலில் ஏறி நின்று வழி சொல்ல வேண்டும். மருந்து இழுவைப் படகு, ஆலோசகர் பைலட். நடுக்கம் நின்ற பத்தாம் நாள் ஒருவர் வீடு திரும்புகிறார். அதே தெரு, அதே கூட்டாளிகள், அதே சனிக்கிழமைக் கூலி. நெஞ்சில் அதே கடன், அதே அவமானம். அவற்றுக்கு மாத்திரை இல்லை.

ஆலோசனை என்றால் அறிவுரை எனப் பலரும் எண்ணுகின்றனர். அறிவுரை வழங்குவதில் எம் ஆசிரியர் இனத்தை விஞ்சியவர் எவருமில்லை. அதனால் குடியை விட்டவர் எத்தனை பேர் என்று எம்மைக் கேட்காதீர்கள். அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லர் 1983இல் ஒரு முறையை எழுதினார். அதில் ஆலோசகர் வாதிடுவதில்லை, கேட்கிறார். குடியால் நீங்கள் இழந்தது என்ன, குடி உங்களுக்குத் தருவது என்ன, ஓராண்டு கழித்து எவ்வாறு இருக்க விரும்புகிறீர்கள் என்று வினவி, மாறுவதற்கான காரணத்தை நோயாளியின் வாயிலிருந்தே வரவழைக்கிறார். தன் வாயால் சொன்ன காரணம் தன்னோடு தங்கும். அதன்பின் திட்டம். கூலி வாங்கியதும் எந்தத் தெரு வழியாக வீடு வருவது? பணத்தை யார் கையில் கொடுப்பது? திருவிழாவில் யாரோடு நிற்பது? தவறி ஒரு நாள் குடித்துவிட்டால் மறுநாள் காலை யாரிடம் போவது? மேம்போக்காகப் பார்த்தால் இவை சிறிய வினாக்கள். வாழ்வு இவற்றில்தான் கவிழ்கிறது.

நம் மக்களிடம் கேட்க வேண்டிய வேறொரு வினாவும் உண்டு. பெரிய மருத்துவமனையில் அதனைக் கேட்பார் குறைவு. உன் வேலையே உன்னைக் குடிக்கச் சொல்கிறதா? மலக்குழிக்குள் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்நாற்றத்தைத் தாங்க முதலில் ஊற்றிக்கொண்டு இறங்கு என்று சொல்லி இறக்கியவர்கள் இருந்தார்கள். இன்றும் திருட்டுத்தனமாக இறக்குகிறார்கள். சாவு வீட்டில் பறை அடித்தவர்க்குப் பணத்தில் பாதியைக் குப்பியாகக் கொடுப்பதை மரியாதை என்று சொல்கிறார்கள். பிணம் தூக்குவோர், சவக்கிடங்கில் பணிபுரிவோர் நிலையும் இதுவே. இவ்வேலைகளில் இருப்பவர்க்கு மாத்திரை தந்து மறுநாள் அதே குழிக்கு அனுப்புவது மருத்துவமாகாது. குப்பி வேண்டாம், முழுக் கூலி தாருங்கள் என்று கேட்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். மாற்று வேலைக்கு மனு எழுதித் தர ஒருவர் வேண்டும். அதுவும் ஆலோசனையே. எழுதப் படிக்கத் தெரிந்த நம் கழகத்து இளைஞர்கள் செய்யத்தக்க ஆலோசனை அது.

மருந்தையும் பேச்சையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள் உண்டா எனில், உண்டு. அமெரிக்காவில் 1,383 குடிநோயாளிகளைக் கொண்டு நடத்திய பெரும் ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. நால்ட்ரெக்சோன் மாத்திரை பெற்றவர்களோடு மருத்துவரோ செவிலியரோ முறையாக அமர்ந்து, ஒவ்வொரு முறையும் இருபது நிமிட அளவில் பேசி வந்தனர். அவர்கள் நலம் கண்டனர். அப்பேச்சோடு மாத்திரைக்கு மாற்றாகத் தேர்ந்த ஆலோசகரின் நீண்ட ஆலோசனை பெற்றவர்களும் ஏறத்தாழ அவ்வாறே நலம் கண்டனர். அதற்காக, மாத்திரையும் நீண்ட ஆலோசனையும் சேர்ந்தபோது பலன் இரட்டிப்பாகிவிடவில்லை. இதனையும் மறைக்கக் கூடாது. எமக்கு இதில் தெரியும் செய்தி ஒன்று. ஏழை ஊருக்குப் பெரிய நிபுணர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவர் மாத்திரையோடு இருபது நிமிடமும் சேர்த்துக் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். மாத்திரைச் சீட்டை மட்டும் நீட்டி, அடுத்த ஆள் என்று அழைப்பதுதான் பயனற்றது.

இனிப் போதை மாத்திரை. இது இளைஞர்களுக்காக.

சென்னைக்கு 1980களில் பிரவுன் சுகர் வந்தது. வடசென்னைத் தெருக்களும் அதனை அறிந்தன. பின்னர் அதே மக்களில் பலர் புப்ரெனார்பின் என்னும் வலி மருந்தை ஊசியில் ஏற்றத் தொடங்கினர். ஊசியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதால் எச்.ஐ.வி. பரவிற்று. இன்று பிடிபடுவது பெரும்பாலும் டபென்டடால் போன்ற வலி மாத்திரை. அதனைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். விழுங்குவதற்குச் செய்த மாத்திரையின் மாவுத்துகள் இரத்தக் குழாயை அடைக்கும், கை அழுகும். இவையெல்லாம் அபினின் குடும்பத்து மருந்துகள். இவற்றை நிறுத்தினால் உடம்பெல்லாம் முறிவது போன்ற வலியும் வயிற்றுப்போக்கும் வரும். அதற்கு அஞ்சியே மீண்டும் ஏற்றுகிறார்கள். இன்பத்திற்காக ஏற்றிய காலம் என்றோ போய்விட்டிருக்கும்.

இதற்குரிய மருத்துவத்தைக் கேட்டு முகம் சுளிப்போர் உண்டு. 1960களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்னும் இரு மருத்துவர்கள், ஹெராயினுக்கு அடிமையானவர்க்கு மெத்தடோன் என்னும் மற்றோர் அபின் வகை மருந்தை நாள்தோறும் அளவாகக் கொடுத்தனர். முடிவை 1965இல் வெளியிட்டனர். ஊசி தேடித் திருடி அலைந்தவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் திரும்பினர். நம் நாட்டில் அவ்விடத்தில் புப்ரெனார்பினை நாவின் கீழ் கரையும் மாத்திரையாகத் தருகின்றனர். தில்லியில் 1993இல் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கியதை, 2007க்குப் பின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நாடெங்கும் ஏற்றது. மெத்தடோனையும் புப்ரெனார்பினையும் உலக நல நிறுவனம் 2005இல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஊசியில் ஏறியபோது சென்னையைக் கெடுத்த அதே பொருள், நாவின் கீழ் அளவோடு கரையும்போது காக்கிறது. ஒரு போதைக்கு மறு போதையா என்று கேட்போர்க்கு இதுவே விடை. மருத்துவர் கையில் அளவு உண்டு, நேரம் உண்டு, கண்காணிப்பு உண்டு; மேலெழும்பும் மயக்கமும் இல்லை, கீழே வீழ்த்தும் வலியும் இல்லை. இம்மருந்தில் இருக்கும் காலத்தில் இறப்பின் அபாயம் மருந்தில்லாத காலத்தினும் பாதிக்கும் குறைவு எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே அபின் வகை நோய்க்கு, ஆலோசகர் இல்லை என்று சொல்லி மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. ஆலோசனை சேர்ந்தால் வாழ்வு நிமிரும். மருந்து நின்றால் உயிரே போகக்கூடும். சிறையிலோ விடுதியிலோ சில மாதம் இருந்து வெளியே வந்தவன் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நிற்கும். ஏனெனில் உடல் அவ்வளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். மகன் திருந்தி வந்தான் என்று பெற்றோர் மகிழும் வாரமே ஆபத்தான வாரம்.

அடைத்து வைத்து அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் தனியார் விடுதிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய இடங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். அடிப்பதும் சங்கிலியிடுவதும் குற்றம். சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார் எனக் கேளுங்கள். கேட்டதற்குச் சினந்தால் திரும்பிவிடுங்கள்.

போவது எங்கே? கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் 2025இல் தொடங்கி வைக்கப்பெற்ற, கலங்கரை என்னும் பெயருடைய 25 அரசு மையங்கள் மாநிலத்தில் உள்ளன. போதை மீட்பும் மறுவாழ்வும் ஒரே இடத்தில் என்பது அவற்றின் நோக்கம். 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம். மன உளைச்சலுக்கு 14416. ஆனால் காட்டுப்பள்ளியிலிருந்து கீழ்ப்பாக்கம் போய்வர ஒரு நாள் கூலி போகும்; கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டால் அந்நாளும் போதாது. முதல் முறை போனவர் இரண்டாம் முறை போகாமைக்கு மன உறுதியின்மை காரணமன்று, பேருந்துக் கட்டணமே காரணம் என்பது எம் கருத்து. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் இவ்வூருக்கு வந்தது. குடிநோய்க்கு ஒரு மருந்தகம் வரக்கூடாதா?

அதற்கும் முன்மாதிரி உண்டு. முன்னர்க் கூறிய சாந்தி ரங்கநாதன் அம்மையாரின் நிறுவனம் 1989இல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடி என்னும் சிற்றூருக்கு மருத்துவமனையையே கொண்டு சென்றது. ஊரார் இடமும் உணவும் தந்து துணைநின்றனர், மருத்துவரும் ஆலோசகரும் அங்கேயே தங்கி முகாம் நடத்தினர், குடும்பங்களும் பங்கேற்றன, முகாம் முடிந்தபின் தொடர்ந்து வந்து கண்டனர். நோயாளியைத் தன் ஊரிலேயே, தன்னை அறிந்தவர் நடுவிலேயே நலமாக்கியதால், குணமடைந்தவரை ஊரே காத்தது. 1994இல் அவ்வனுபவம் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றிலும் வெளியாயிற்று.

கழகத்தின் செயற்குழுவிடம் மூன்று வேண்டுகோள்களை எழுத்தில் அளித்துள்ளோம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை மாதம் ஒருமுறையேனும் நம் பகுதிக்கு வரவழைக்க மனு அளித்தல். மஞ்சக்குடியைப் போல் ஒரு முகாமுக்குக் கழகக் கட்டடத்தைத் தருதல். சிகிச்சைக்குச் செல்வோரின் பேருந்துச் செலவுக்கு வெள்ளி விழா நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குதல். அதுவரை, சனிக்கிழமை மாலை 6 மணி முதல் 9 மணி வரை, கூலி வாங்கி வருவோர் கடைப்பக்கம் திரும்பாமல் வந்து அமர, கழகத்தின் படிப்பகம் திறந்திருக்கும். தேநீருக்கு ஏற்பாடு செய்துள்ளோம். உடன் அமர்ந்து பேச நான்கு இளைஞர்கள் முன்வந்துள்ளனர். இன்னும் ஆறு பேர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மேடையின் இடப்புறம் வருக.